ரப்பரை ஹை ஃப்ரீக்வன்ஸில வேகவெச்சா பேட்டன்ட் கிடைக்குமா?

மோல்டுல ரப்பரை வேகவைக்க எல்லாரும் ஹீட்டர் வெச்ச பிரஸ்ஸைத்தான் நம்பி இருக்காங்க, அதுக்குப் பதிலா ஹை ஃப்ரீக்வன்ஸி கரன்ட்டை வெச்சு ரப்பரை உள்ளேருந்தே சூடாக்குனா என்ன, அதுக்கு நாமளே ஒரு பேட்டன்ட் போட்டுட்டா என்ன, இப்படி ஒரு யோசனை பாலிமர் படிச்சவங்க யாருக்கும் ஒருநாள் வரத்தான் செய்யும். பதிலை முதல்லயே சொல்லிடறேன். "ஹை ஃப்ரீக்வன்ஸில சூடாக்கி ரப்பர் மோல்ட் பண்றது" அப்படிங்கற ஒத்தை வரிக்கு இன்னைக்கு பேட்டன்ட் எதிர்பார்க்காதீங்க. ஆனா அந்த ஒத்தை வரியை ஷாப் ஃப்ளோர்ல நிஜமா செஞ்சு பாக்கப் போனா வரிசையா பிரச்சனை வந்து நிக்கும், அதுல ஏதாவது ஒண்ணுக்கு நீங்க ஒரு வழி கண்டுபிடிச்சிருந்தா அந்த வழிக்குக் கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கு.

இது புரியணும்னா சட்டத்துக்கு முன்னாடி ரப்பரைக் கொஞ்சம் பாக்கணும்.

கச்சா ரப்பரோட சல்ஃபர், ஆக்ஸிலரேட்டர், கார்பன் பிளாக், எண்ணெய் எல்லாம் மில்லுல போட்டு அரைச்சு எடுத்தா அதுக்குப் பேரு காம்பவுண்டு. அந்த நிலையில அதை அழுத்துனா அழுந்தும், ஆனா திரும்பி வராது. அதை மோல்டுக்குள்ள வெச்சு அழுத்தி 140ல இருந்து 180 டிகிரி செல்சியஸ் வரைக்கும் சூடு காட்டுனா சல்ஃபர் போய் ரப்பர் சங்கிலிகளுக்கு நடுவுல பாலம் போடும், அதுக்கப்புறம்தான் இழுத்தா திரும்பி வர்ற ரப்பர். வல்கனைசிங்னு புத்தகத்துல சொல்றது இதைத்தான், ஃபேக்டரில க்யூரிங்னு சொல்லுவாங்க.

சிக்கல் என்னன்னா ரப்பர் சூட்டைக் கடத்தறதுல மகா சோம்பேறி. பிரஸ் பிளேட் சூடு மோல்டுக்கு வந்து, மோல்டுலேருந்து ரப்பரோட மேல்தோலுக்கு வந்து, அங்கேருந்து மெதுவா நடுவுக்குப் போகணும். தடிமன் ரெண்டு மடங்கானா நேரம் ரெண்டு மடங்கு ஆகாது, கிட்டத்தட்ட நாலு மடங்கு ஆகும். அவசரப்பட்டு பிளேட் டெம்பரேச்சரை ஏத்துனா, கனமா ஊத்துன ஊத்தப்பம் பெரிய தீயில அடி கருகி நடுவுல மாவா நிக்கிற கதைதான், வெளித்தோல் ஓவர் க்யூர் ஆகி உள்ள பச்சையா இருக்கும். லாரி இன்ஜின் மவுன்ட், பாலத்துக்கு அடியில வைக்கிற பேரிங் பேட் மாதிரி கனமான சாமான் செய்றவங்களுக்கு இது தினசரி தொல்லை.

இங்கதான் டைஎலக்ட்ரிக் ஹீட்டிங் வருது. ரெண்டு உலோகத் தட்டு, நடுவுல ரப்பர், தட்டுக்கு 27.12 மெகாஹெர்ட்ஸ் வோல்டேஜ், அதாவது நொடிக்கு 2 கோடியே 71 லட்சம் தடவை ஃபீல்டு முழுச் சுத்து சுத்தி வரும். ரப்பர் காம்பவுண்டுக்குள்ள இருக்கற போலார் மூலக்கூறுகள், அதாவது ஒரு முனை பாசிட்டிவாவும் மறுமுனை நெகட்டிவாவும் இருக்கறதுங்க, ஒவ்வொரு தடவையும் அந்த ஃபீல்டோட சேர்ந்து திரும்பப் பாக்கும், திரும்பி முடிக்கறதுக்குள்ள ஃபீல்டு எதிர்ப்பக்கம் போயிடும், அந்த இழுபறில சூடு பிறக்கும். வெளியேருந்து நடுவுக்குப் போக வேண்டிய அவசியமே இல்ல, எல்லா இடத்துலயும் ஒரே நேரத்துல சூடு வரும். வீட்டு மைக்ரோவேவ் அடுப்புல 2450 மெகாஹெர்ட்ஸ்ல நடக்கறதும் அடிப்படையில இதேதான். எவ்வளவு சூடு வரும்கறதுக்கு மூணு விஷயம்தான் முக்கியம்: ஃப்ரீக்வன்ஸி, ஃபீல்டோட பலம், அந்தப் பொருளோட லாஸ் ஃபேக்டர், அதாவது ஃபீல்டோட சக்தியை அது எவ்வளவு சூடா மாத்துங்கற அளவு. இதுல ஃபீல்டு மட்டும் வர்க்கமா வேலை செய்யும், வோல்டேஜை ரெண்டு மடங்காக்குனா சூடு நாலு மடங்கு.

கேக்கவே ஜோரா இருக்குல்ல? அப்ப ஏன் எல்லா ஃபேக்டரிலயும் இது இல்ல? பேட்டன்ட் கதையே இந்தக் கேள்விக்குள்ளதான் இருக்கறதால இங்க கொஞ்சம் நின்னு பாக்கலாம்.

முதல் இடைஞ்சல் ரப்பரே. இயற்கை ரப்பர், எஸ்பிஆர், ஈபிடிஎம், பியூட்டைல் இதெல்லாம் போலார் இல்லாத ஜாதி, ஃபீல்டு எப்படித் திரும்புனாலும் அதுங்க பெருசா கண்டுக்காது. நைட்ரைல், நியோப்ரீன் மாதிரி போலார் ரப்பர்னா நல்லா சூடேறும். கார்பன் பிளாக் போட்ட கறுப்பு காம்பவுண்டு சூடேறும், ஆனா அளவு மிஞ்சி காம்பவுண்டே கரன்ட் கடத்த ஆரம்பிச்சிட்டா தட்டுக்குத் தட்டு ஸ்பார்க் அடிச்சு ரப்பர் பொசுங்கும். வெள்ளை காம்பவுண்டுக்கு டைஎத்திலீன் க்ளைக்கால் மாதிரி எதையாவது சேத்து சூடேற வைப்பாங்க.

அடுத்தது மோல்டு. சாதாரண ஸ்டீல் மோல்டு ரப்பரை நாலா பக்கமும் மூடியிருக்கும், உலோகப் பெட்டிக்குள்ள ஃபீல்டு நுழையாது. மேல் பாதியையும் கீழ் பாதியையும் எலக்ட்ரோடா வெச்சுக்கலாம்னா பக்கச் சுவர் கரன்ட் கடத்தாத பொருளா இருக்கணும், அது பிரஸ்ஸோட அழுத்தத்தையும் தாங்கணும், 170 டிகிரியையும் தாங்கணும், தானே சூடேறவும் கூடாது. டெஃப்லான் சூட்டையும் ஃபீல்டையும் தாங்கும், அழுத்தத்துல நசுங்கி ஊரும். செராமிக் எல்லாத்தையும் தாங்கும், ஒரு தட்டு தட்டுனா உடையும்.

மூணாவதா காத்து. ரப்பருக்கும் எலக்ட்ரோடுக்கும் நடுவுல துளியூண்டு காத்து மாட்டிக்கிட்டாலும், அந்த இடுக்குல ஃபீல்டு ரப்பருக்குள்ள இருக்கறதை விட ரெண்டு மூணு மடங்காவது இருக்கும், ஏன்னா ரப்பரோட டைஎலக்ட்ரிக் கான்ஸ்டன்ட் அவ்வளவு. அங்கதான் முதல் ஆர்க் அடிக்கும்.

இன்னொண்ணு, பலர் யோசிக்காதது: ரப்பர் சூடாகும் ஆனா மோல்டு ஜில்லுன்னே இருக்கும், அதனால இப்ப கதை தலைகீழா மாறி உள்ள வெந்து மேல்தோல் வேகாம நிக்கும். தோலுக்காக மோல்டையும் சூடாக்கணும்னா பழைய ஹீட்டர் திரும்ப வந்திடும். இதோட ரப்பருக்கு நடுவுல ஒரு ஸ்டீல் இன்சர்ட், அதாவது உள்ள பதிச்ச ஸ்டீல் துண்டு, இருந்தாலோ, ஒரு பக்கம் கனமாவும் இன்னொரு பக்கம் மெலிசாவும் இருந்தாலோ ஃபீல்டு எங்க குவியும்னு கணக்கு போடவே ஒரு ஆள் வேணும். சில காம்பவுண்டுல சூடு ஏற ஏற லாஸ் ஃபேக்டரும் ஏறும், அதனால சூடான இடம் இன்னும் வேகமா சூடாகி நிமிஷத்துல கருகிடும். சரி, டெம்பரேச்சர் அளக்கற தெர்மோகப்பிள் வெச்சு கவனிக்கலாம்னு பாத்தா, அது உலோக வயர், ஹை ஃப்ரீக்வன்ஸி ஃபீல்டுக்குள்ள ஆன்டெனா மாதிரி வேலை செஞ்சு ரீடிங்கையும் கெடுக்கும் தானும் சூடாகும். ஃபைபர் ஆப்டிக் ப்ரோப்தான் போடணும்.

தெர்மோகப்பிளைத் தனியா ஞாபகம் வெச்சுக்கங்க, அமெரிக்காவோட பிரபலமான ரப்பர் வழக்குல அதுக்கு ஒரு பங்கு உண்டு.

அந்த வழக்கு டயமண்ட் எதிர் டீர், 1981 மார்ச் 3 அன்னைக்கு அமெரிக்க சுப்ரீம் கோர்ட் 5-4ன்னு நூலிழையில தீர்ப்பு சொன்னது. டீரும் லட்டனும் 1975ல போட்ட விண்ணப்பம் அது. அவங்க பிரச்சனை என்னன்னா, பிரஸ்ஸைத் திறந்து ரப்பர் வைக்கிற ஒவ்வொரு தடவையும் மோல்டு சூடு எவ்வளவு இறங்குதுன்னு யாருக்கும் சரியா தெரியாது, அதனால ஆபரேட்டர்கள் குத்துமதிப்பா ஒரு நேரம் வெச்சுத் திறப்பாங்க, சிலது அதிகமா வேகும் சிலது குறைவா வேகும். இவங்க மோல்டுக்குள்ள தெர்மோகப்பிள் வெச்சு, டெம்பரேச்சரை விடாம கம்ப்யூட்டருக்கு அனுப்பி, எந்தச் சூட்டுல ரப்பர் வேக எவ்வளவு நேரம் ஆகும்னு சொல்ற அர்ரீனியஸ் சமன்பாட்டைக் கம்ப்யூட்டர் திரும்பத் திரும்பக் கணக்குப் போட்டு, வெந்துடுச்சுன்னு தெரிஞ்ச நொடி பிரஸ்ஸை தானாத் திறக்க வெச்சாங்க. பேட்டன்ட் ஆபீஸ் "இது கம்ப்யூட்டர் புரோகிராம், கொடுக்க முடியாது"ன்னுச்சு. கோர்ட் என்ன சொல்லுச்சுன்னா, இவங்க சமன்பாட்டைக் கேக்கல, வேகாத ரப்பரை வெந்த ரப்பரா மாத்தற ஒரு முறையைக் கேக்கறாங்க, பொருளை ஒரு நிலையிலேருந்து இன்னொரு நிலைக்கு மாத்தற முறைக்கு பேட்டன்ட் தர்றது பழைய வழக்கம்தான். 1982ல பேட்டன்ட்டும் வந்துச்சு.

இந்தத் தீர்ப்பைப் படிச்சிட்டு "அப்ப ரப்பர் க்யூரிங் முறைன்னா பேட்டன்ட் கிடைக்கும்"னு முடிவு கட்டறவங்க நிறைய. அது அரைகுறை. கோர்ட் அன்னைக்குப் பாத்தது முதல் கட்டத்தை மட்டும்தான், அதாவது இந்த மாதிரி விஷயம் பேட்டன்ட் கேக்கற தகுதி உள்ள வகையா இல்லையா. அது புதுசா, யாருக்கும் சுலபமா தோணாததாங்கறது வேற கேள்வி, அதுல இது தோத்தும் போகலாம்னு அந்தத் தீர்ப்புலயே சொல்லியிருக்காங்க. நம்ம ஹை ஃப்ரீக்வன்ஸி யோசனைக்கு முதல் கட்டம் பிரச்சனையே இல்ல. ரப்பர் வேகுது, மிஷின் இருக்கு, சூடு இருக்கு, யாரும் இதை வெறும் கணக்குன்னு சொல்ல மாட்டாங்க. அமெரிக்க சட்டத்துல 100வது பிரிவு "தெரிஞ்ச ஒரு முறையை புதுசா ஒண்ணுக்குப் பயன்படுத்தறதும் முறைதான்"னு வெளிப்படையாவே சொல்லுது. அடி விழறது அடுத்த ரெண்டு கட்டத்துலதான்.

புதுமைன்னா உலகத்துல எங்கயும், எந்த மொழியிலயும், முன்னாடி வெளியாகாததா இருக்கணும். டைஎலக்ட்ரிக் ஹீட்டிங் ரெண்டாம் உலகப் போர் காலத்துலயே ப்ளைவுட் பசை காயவைக்கவும், பிளாஸ்டிக் பவுடரை மோல்டுல போடறதுக்கு முன்னாடி சூடாக்கவும் ஓடிக்கிட்டிருந்த சங்கதி. கார் கதவு ஓரத்துல வர்ற ஈபிடிஎம் பீடிங்கை மைக்ரோவேவ் டனல்ல விட்டு க்யூர் பண்றது பல பத்து வருஷமா நடக்குது. இதை விடக் கையில எடுத்துக் காட்டற மாதிரி ஒரு சாட்சி இருக்கு. பேட்டன்ட் ஆபீஸ்கள் உலகம் பூரா ஆவணங்களைப் பிரிச்சு அடுக்கறதுக்கு சிபிசின்னு ஒரு வகைப்பாடு வெச்சிருக்காங்க, அதுல பிளாஸ்டிக்கோ ரப்பரோ சூடாக்கி க்யூர் பண்றதுக்கு பி29சி 35ன்னு ஒரு கட்டம், அதுக்குள்ள டைஎலக்ட்ரிக் ஹீட்டிங்குக்குன்னே 35/12ன்னு ஒரு உள்கட்டம். உங்க ஐடியாவுக்கு ஏற்கனவே ஒரு அலமாரி இருக்குதுன்னா அதுல ஃபைலும் இருக்கும்தானே. எஸ்பாஸ்நெட்லயோ கூகுள் பேட்டன்ட்ஸ்லயோ அந்த நம்பரைப் போட்டுத் தேடறதுக்குக் காசு கிடையாது, வக்கீல் கிட்ட போறதுக்கு முன்னாடி ஒரு சாயங்காலம் அதுக்குச் செலவு பண்ணுங்க.

சரி, ஃபைல்ல இருக்கறது எல்லாம் நைட்ரைல் ஷீட், நான் செய்றது இயற்கை ரப்பர் இன்ஜின் மவுன்ட், அதே சாமானை யாரும் இப்படி செஞ்சதா எழுதல, அப்ப புதுசுதானேன்னு கேப்பீங்க. புதுசுதான். ஆனா அடுத்த கட்டத்துல மாட்டுவீங்க. இந்தத் துறையில வேலை தெரிஞ்ச சாதாரண ஆளுக்கு அது சுலபமா தோணியிருக்குமாங்கறதுதான் அங்க கேள்வி, தோணியிருக்கும்னா பேட்டன்ட் கிடையாது. அந்த ஆள் ஜீனியஸ் இல்ல, ஆனா அந்தத் துறையில வெளியான எல்லாத்தையும் படிச்சவர்னு சட்டம் கற்பனை பண்ணிக்கும். நம்ம விஷயத்துல ரப்பர் டெக்னாலஜிஸ்ட் ஒருத்தரையும் ஆர்எஃப் (ரேடியோ அலைவரிசை) இன்ஜினியர் ஒருத்தரையும் ஒரே டேபிள்ல உக்கார வெச்ச மாதிரி நினைச்சுக்கலாம். அமெரிக்காவுல 2007ல வந்த கேஎஸ்ஆர் தீர்ப்பு இதை இன்னும் இறுக்கிடுச்சு. ஏற்கனவே தெரிஞ்ச ஒரு உத்தியை, அது எப்பவும் செய்ற அதே வேலையைச் செய்ய, இன்னொரு இடத்துல கொண்டு போய் வெச்சா, எதிர்பார்த்த பலன்தான் வருதுன்னா அது கண்டுபிடிப்பு ஆகாதுங்கறதுதான் அதோட சாரம். டைஎலக்ட்ரிக் ஹீட்டிங்கோட வேலையே கனமான, சூடு கடத்தாத பொருளை உள்ளேருந்து வேகமா சூடாக்கறது. நீங்க அதைக் கனமான, சூடு கடத்தாத ரப்பர் மேல வெச்சு "பாருங்க, வேகமா சூடாகுது"ன்னா விண்ணப்பத்தைப் பரிசீலிக்கற எக்ஸாமினர் ஆச்சரியப்பட மாட்டார்.

நம்பரை உள்ள போட்டுத் தப்பிக்கலாம்னு ஒரு பழக்கம் இருக்கு. "27.12 மெகாஹெர்ட்ஸ்ல, நாலு நிமிஷம்"னு குறிப்பா எழுதிட்டா புதுசு ஆயிடாதா? 27.12ங்கறது தொழிற்சாலைக்குன்னு உலக அளவுல ஒதுக்கி வெச்ச அலைவரிசை, 13.56ம் 40.68ம் அப்படித்தான், மத்த இடத்துல ஓட்டுனா ரேடியோ தகவல் தொடர்புக்கு இடைஞ்சல். அதனால அதைத் தேர்ந்தெடுத்ததுல உங்க புத்தி எதுவும் இல்ல, மிஷின் விக்கறவனே அதைத்தான் தருவான். நிமிஷக் கணக்கும் அப்படித்தான். வழக்கமா நாலஞ்சு தடவை ஓட்டிப் பாத்து நல்ல ரேஞ்சைக் கண்டுபிடிக்கறது கண்டுபிடிப்பு இல்லன்னு இன் ரீ ஆலர்னு 1955லயே ஒரு அமெரிக்க வழக்குல சொல்லியாச்சு, அதுல பிரச்சனை டெம்பரேச்சரும் ஆசிட் அளவும். அந்த ரேஞ்சுல மட்டும் யாரும் எதிர்பார்க்காத ஏதோ ஒண்ணு நடக்குதுன்னு காட்டுனாத்தான் பேச்சு மாறும்.

அப்ப வேற ஒண்ணுக்கு இருக்கற முறையை எடுத்து புதுசா ஒண்ணுல போட்டா என்னைக்குமே கிடைக்காதா? கிடைச்சிருக்கு. ரேதியான் கம்பெனி பெர்சி ஸ்பென்சர் 1945 அக்டோபர்ல சாப்பாட்டை மைக்ரோவேவ்ல பதப்படுத்தற முறைக்கு விண்ணப்பம் போட்டு 1950 ஜனவரியில பேட்டன்ட் வாங்குனார். மைக்ரோவேவ் அலையை உண்டாக்கற மேக்னெட்ரான் அவருக்கு முன்னாடியே ரேடார்ல ஓடிக்கிட்டிருந்த சாமான், ஹை ஃப்ரீக்வன்ஸி ஹீட்டிங்கும் தெரிஞ்சதுதான். ஆனா அன்னைக்கு ஹை ஃப்ரீக்வன்ஸி ஹீட்டிங்னா இதை விட நீளமான அலையில செய்றது, அவர் ஒரேயடியா மைக்ரோவேவ் நீளத்துக்கு இறங்கி, அந்தச் சக்தியை ஒரு சின்ன இடத்துல குவிச்சு, அதுக்குள்ள சாப்பாட்டை வெச்சார். அதுதான் அவரோட வித்தியாசம். அதே விண்ணப்பத்தை இன்னைக்குப் போட்டா என்ன ஆகும்னு கேட்டா எனக்கு சந்தேகம்தான், கேஎஸ்ஆருக்கு அப்புறம் எக்ஸாமினர்கள் கை ரொம்ப இறுகிப் போச்சு.

இந்தியாவுக்கு வந்தா இந்தக் கேள்வி இன்னும் முன்னாடியே மடக்கப்படும். பேட்டன்ட் சட்டத்தோட 3(டி) பிரிவுன்னா எல்லாருக்கும் 2013ல வந்த நோவார்டிஸ் வழக்கு, கேன்சர் மருந்து, இதுதான் ஞாபகம் வரும். அதே பிரிவோட வால்ல இன்னொரு வாக்கியம் இருக்கு, மருந்துக்காரங்க பேசற பேச்சுல அது மறைஞ்சு போச்சு: தெரிஞ்ச ஒரு முறையையோ மிஷினையோ கருவியையோ வெறுமனே பயன்படுத்தறது கண்டுபிடிப்பே இல்ல, அந்த முறையில ஒரு புதுப் பொருள் வந்தாலோ, புதுசா ஒரு ரியாக்டன்டாவது சேர்ந்தாலோ தவிர. அமெரிக்காவுல "புதுப் பயன்பாடும் முறைதான்"னு உள்ள விட்டுட்டு அப்புறமா சுலபமா தோணுமான்னு பாத்து வடிகட்டறாங்க, நம்ம ஊர்ல "இது கண்டுபிடிப்புங்கற வரையறைக்குள்ளயே வராது"ன்னு முதல்லயே நிறுத்திடலாம். தெரிஞ்ச ஹீட்டிங், தெரிஞ்ச காம்பவுண்டு, வெளிய வர்றதும் அதே இன்ஜின் மவுன்ட்னா 3(டி) அப்படியே பொருந்தும். ஆனா அந்த "வெறுமனே"ங்கறதுல உயிர் இருக்கு. முறையையே மாத்தியிருந்தா, மோல்டு அமைப்பையோ ஃபீல்டு போடற வரிசையையோ புதுசா பண்ணியிருந்தா, அது தெரிஞ்ச முறையை வெறுமனே பயன்படுத்தறது ஆகாதுன்னு வாதாடலாம்.

அதுக்கப்புறமும் 2(1)(ஜேஏ) இருக்கு. தெரிஞ்சதோட ஒப்பிட்டா தொழில்நுட்ப முன்னேற்றமோ பொருளாதார முக்கியத்துவமோ இருக்கணும், கூடவே வேலை தெரிஞ்சவனுக்கு சுலபமா தோணாததா இருக்கணும். கரன்ட் மிச்சம், நேரம் மிச்சம்னு காசுக் கணக்கு மட்டும் காட்டிட்டு ரெண்டாவது பாதியை விட்டுடறாங்க, அது பத்தாது. இதுக்கு நம்ம சுப்ரீம் கோர்ட்டோட அடிப்படைத் தீர்ப்பு 1978ல வந்த பிஷ்வநாத் பிரசாத் வழக்கு. பாத்திரத்தை லேத்துல பிடிச்சு கடையறதுக்கு ஒரு ஏற்பாடு, அதுக்கு வாங்குன பேட்டன்ட், பட்டறையில கைதேர்ந்த ஆள் செய்ற சாதாரண முன்னேற்றத்தை விட இதுல ஒண்ணும் கூடுதலா இல்லன்னு அதை ரத்து பண்ணிட்டாங்க. நம்ம ஊர் எக்ஸாமினேஷன் ரிப்போர்ட்ல இந்த வழக்கை மேற்கோள் காட்டறது சகஜம்.

இப்ப இதையெல்லாம் ஒரு சாமான் மேல வெச்சுப் பாப்போம். 60 மில்லிமீட்டர் கனத்துல இயற்கை ரப்பர் மவுன்ட், நடுவுல ஸ்டீல் இன்சர்ட். முதல் க்ளெய்மை, அதாவது எதுக்குப் பாதுகாப்பு கேக்கறீங்கன்னு சொல்ற வரியை, இப்படி எழுதறீங்கன்னு வைங்க: "ரப்பர் காம்பவுண்டை மோல்டுக்குள்ள வெச்சு, ஹை ஃப்ரீக்வன்ஸி ஃபீல்டால சூடாக்கி க்யூர் பண்ற முறை." இது செத்த க்ளெய்ம், பழைய ஃபைல் ஒண்ணு போதும் இதைச் சாய்க்க. கொஞ்சம் இறக்கி, "10 முதல் 100 மெகாஹெர்ட்ஸ், மோல்டோட மேல்பாதியும் கீழ்பாதியும் எலக்ட்ரோடு, பக்கச்சுவர் கரன்ட் கடத்தாத பொருள்" அப்படின்னா? இதுவும் அனேகமா போயிடும், ஏன்னா மோல்டுக்குள்ள ஃபீல்டை நுழைக்கணும்னா இதைத் தவிர வேற வழி யாருக்கும் தோணாது.

இன்னும் கீழ போங்க. இன்சர்ட் ஓரத்துல ஃபீல்டு குவிஞ்சு அங்க ரப்பர் கருகுதுன்னு கண்டுபிடிச்சீங்க. அதுக்காக இன்சர்ட்டை ஒட்டி ஒரு ரெண்டு மில்லிமீட்டர் அடுக்கை மட்டும் கார்பன் பிளாக் குறைச்ச, லாஸ் ஃபேக்டர் கம்மியான வேற காம்பவுண்டா வெச்சீங்க, அந்த அடுக்குல ஃபீல்டு அதிகமா இருந்தாலும் சூடு கம்மியாத்தான் வரும், மீதிக்கு நடு ரப்பர்லேருந்து சூடு வந்து சேரும், கடைசியில எல்லா இடமும் ஒரே நேரத்துல வேகுது. ஏற்கனவே வெளியானதுல யாரும் இதைச் சொல்லலன்னா இங்க ஒரு கண்டுபிடிப்பு இருக்க வாய்ப்பு இருக்கு. எக்ஸாமினர் "சூடேறணும்னா லாஸ் ஃபேக்டரை ஏத்தணும்னுதானே புத்தகம் சொல்லுது"ன்னு கேட்டா, அதுதான் உங்க பலமே, புத்தகம் ஒரு பக்கம் போகச் சொல்லும்போது நீங்க எதிர்ப்பக்கம் போய் ஜெயிச்சிருக்கீங்க. மோல்டுத் தோல் வேகாத பிரச்சனைக்கோ, தெர்மோகப்பிள் வைக்க முடியாத இடத்துல ஜெனரேட்டர் இழுக்கற கரன்ட் மாறறதை வெச்சே க்யூரிங் எந்த நிலையில இருக்குன்னு கண்டுபிடிக்கறதுக்கோ இதே மாதிரி யோசிச்சுப் பாருங்க. கடைசியா சொன்னதுல மட்டும் இந்தியாவுல 3(கே) பிரிவு வந்து "இது அல்காரிதம்"னு இடிக்கும், அதனால பிரஸ்ஸைத் திறக்கறது வரைக்கும் க்ளெய்ம்ல கொண்டு வரணும், டீர் கதையோட உபயோகம் அங்கதான்.

டேட்டா இல்லாம இதெல்லாம் வாய்ப்பேச்சு. பழைய பிரஸ்ல செஞ்ச ஒரு மவுன்ட், வெறும் ஹை ஃப்ரீக்வன்ஸில செஞ்சது ஒண்ணு, உங்க முறையில செஞ்சது ஒண்ணு, மூணையும் குறுக்கால வெட்டுங்க, தோல்லேருந்து நடுவரைக்கும் சின்னச் சின்னத் துண்டா எடுத்து ஹார்ட்னஸ் பாருங்க, டொலுயீன்ல ஊறப் போட்டு எவ்வளவு உப்புதுன்னு எடை போட்டுப் பாருங்க. நல்லா வெந்த துண்டு கம்மியா உப்பும், வேகாதது ஊதிப் போகும். அந்த மூணு வரிசை நம்பரை ஸ்பெசிஃபிகேஷன்ல, அதாவது விண்ணப்பத்தோட விளக்கத்துல, டேபிளா போட்டா, நாலு பக்க வாதத்தை விட அது பேசும். கூடவே காம்பவுண்டு ஃபார்முலா, வோல்டேஜ், எலக்ட்ரோடு இடைவெளி எல்லாம் ஒளிக்காம எழுதணும், படிச்சவன் அப்படியே செஞ்சு பாக்க முடியலன்னா அந்தக் காரணத்துக்கே பேட்டன்ட் போகும். இந்தியாவுல உங்களுக்குத் தெரிஞ்சதுலயே சிறந்த முறையைச் சொல்லணும்னு 10(4)ல வேற இருக்கு.

சாம்பிளை யாருக்கும் முன்னாடியே கொடுக்காதீங்க. சார்லஸ் குட்இயர் 1839ல வல்கனைசிங்கைக் கண்டுபிடிச்சு அமெரிக்காவுல 1844 ஜூன்லதான் பேட்டன்ட் வாங்குனார், அதுக்குள்ள அவரோட சாம்பிள் இங்கிலாந்துல தாமஸ் ஹேன்காக் கைக்குப் போய், ஹேன்காக் 1843லயே அங்க விண்ணப்பம் போட்டுட்டார். இன்னைக்கு அமெரிக்காவுல நீங்களே வெளியிட்டதுக்கு ஒரு வருஷம் அவகாசம் உண்டு, இந்தியாவுல அந்த தாராளம் கிடையாது, சில குறிப்பிட்ட சந்தர்ப்பத்துக்கு மட்டும்தான். கஸ்டமர் கிட்ட ட்ரையலுக்கு அனுப்பறதுக்கு முன்னாடி, காலேஜ் கான்ஃபரன்ஸ்ல பேப்பர் படிக்கறதுக்கு முன்னாடி ஒரு ப்ரொவிஷனல், அதாவது தற்காலிக விண்ணப்பம், போட்டுடுங்க, முழு ஸ்பெசிஃபிகேஷனுக்கு 12 மாசம் டைம் கிடைக்கும். தமிழ்நாட்டுக்காரங்களுக்கு ஆபீஸ் கிண்டியிலயே இருக்கு, ஆன்லைன்லயும் போடலாம்.

கடைசியா ஒரு விஷயத்தை யோசிச்சிட்டு அப்புறம் போங்க. பேட்டன்ட் வாங்கிட்டீங்க, பக்கத்து ஃபேக்டரிக்காரர் அதே முறையில மவுன்ட் செஞ்சு விக்கறார்னு சந்தேகம், எப்படி நிரூபிப்பீங்க? வெந்த ரப்பரை கையில வெச்சுக்கிட்டு அது பிளேட் சூட்டுல வெந்ததா ஃபீல்டுல வெந்ததான்னு சொல்றது லேசுப்பட்ட காரியமில்ல. அந்த முறையில நேரடியா செஞ்ச சாமானுக்கும் இந்திய சட்டத்தோட 48வது பிரிவு பாதுகாப்பு தருது, சில நிலைமையில "நான் உங்க முறையில செய்யல"ன்னு காட்டற பொறுப்பை எதிராளி மேல போடற 104ஏ பிரிவும் இருக்கு, ஆனா கோர்ட்டுக்குப் போற செலவு உங்களுதுதான். அதனால இன்சர்ட்டை ஒட்டின அந்த ரெண்டு மில்லிமீட்டர் அடுக்கு மாதிரி, வெட்டிப் பாத்தா கண்ணுக்கோ லேபுக்கோ தெரியற அடையாளம் உங்க கண்டுபிடிப்புல இருந்தா முறைக்கு ஒரு க்ளெய்ம், அந்த அடுக்கு உள்ள மவுன்டுக்கே தனியா ஒரு க்ளெய்ம்னு ரெண்டையும் எழுதச் சொல்லுங்க. அப்படி ஒரு அடையாளமும் இல்ல, எல்லாம் பிரஸ் ரூமுக்குள்ளயே நடக்குதுன்னா, விண்ணப்பமே போடாம கதவைச் சாத்திக்கிட்டு ஓட்டற கம்பெனிகளும் இருக்கு. எதுவும் எழுதி வெளியிடறதுக்கு முன்னாடியே இதுல எதுன்னு முடிவு பண்ணிடணும், விண்ணப்பம் 18 மாசத்துல வெளியாயிட்டா அப்புறம் அந்த ரகசியம் ரகசியம் இல்ல.